பச்சைப் பெயின்ட் அடித்த மூச்சு

என் கணவரின் மூச்சைப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹைதராபாத் விமான நிலையத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, தீயணைப்புக்கென்று வரிசையாகத் தொங்கிய சிவப்பு மணல் வாளிகளின் கீழே அதை இறக்கி வைத்தார்கள். வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். நான் பேச்சு மூச்சில்லாமல் நின்றேன். சொல்வழக்குக்குத்தான் அப்படிச் சொல்கிறேன். உண்மையிலேயே பேச்சும் இல்லாமல், கொஞ்ச நேரத்தில் மூச்சும் இல்லாமல் நிற்கப்போகிறவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மூச்சு என்று நான் சொல்வது ஒரு மெஷினை. எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்குக் குரல்வளையில் கட்டி. புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை, கட்டி என்றுதான் சொல்வோம். அது வளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டதால், தொண்டைக்குழியில் துளை போட்டு ஒரு வெள்ளிக் குழாயை வைத்திருந்தார்கள். மூக்கும் வாயும் சும்மா அழகுக்கு. மூச்சு அந்தக் குழாய் வழியாகத்தான் போய்வந்தது. சளி சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அந்த நிமிஷமே மெல்லிய ரப்பர் ட்யூபை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குத்தான் மெஷின். வீட்டில் நான்தான் எடுப்பேன். முதல் தடவை செய்தபோது அவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஹைதராபாத்தில் அவரைப் பார்த்த டாக்டர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். குழாயின் வெளிவாயை விரலால் அடைத்தால் காற்று மேலே போய்க் குரல் வரும். ஆனால் மேலே கட்டி உட்கார்ந்திருக்கிறது. அடைத்தால் மூச்சு முட்டும், சமயத்தில் ரத்தமும் கொட்டும். அதனால் பேசவே கூடாது. மதராஸில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதில் குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். ஆள் பிழைப்பார், குரல் போய்விடும். இந்த ஜென்மத்துக்குத் திரும்பாது.

எனக்கு அந்தக் கணக்கு விளங்கிய அன்று, அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"ஆபரேஷனுக்கு முன்னால ஒரே ஒரு தடவ விரல வச்சி எம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. எனக்கு அது போதும்."

அவர் பேசுவதெல்லாம் எங்கள் மகளின் பள்ளிக்கூடச் சிலேட்டில்தான். அதை எடுத்து எழுதினார்: "மதராஸில். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது." எழுதியதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார். அவர் கோடு இழுத்தால் அது முத்திரை குத்திய மாதிரி. நான் நிம்மதியாக எழுந்துபோய் உலை வைத்தேன்.

முத்திரை என்று சொன்னேன் அல்லவா, அதுதான் அவர் தொழில். ஊருக்கு வெளியே, ராணுவத்துக்குச் சாமான் செய்கிற அரசுத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்டர். செய்து வருகிற பொருளைச் சோதித்துச் சரியென்றால் முத்திரை, இல்லையென்றால் வந்த வழியே திருப்பி அனுப்புவது. திருப்பி அனுப்புவதில்தான் அவருக்குப் பெயர். வீட்டிலும் அதே கதைதான். தோசை ஒரு பக்கம் கருகினால் தட்டை நகர்த்துவார். குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வருகிற காய்காரம்மா அவரைக் கண்டால் கூடையை மூடிக்கொள்வாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் புகழ்வார்கள். கூட வாழ்கிறவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். புதுச் சேலை நன்றாயிருக்கிறதா என்று கேட்டு நான் பட்ட பாடு கொஞ்சமா?

மதராஸுக்கு ரயிலில் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ராத்திரி முழுக்கப் புகையும் தூசியும் குழாய்க்குள் போனால் என்னாவது? விமானமென்றால் ஏறினோம் இறங்கினோம் என்று முடிந்துவிடும் என்றார். தொழிற்சாலை ஆஸ்பத்திரி சிபாரிசு எழுதிக் கொடுத்ததால் டிக்கெட்டுக்கும் வழி பிறந்தது. நான் விமானக் கம்பெனியின் டிக்கெட் ஆபீசுக்குப் போனேன்.

குளுகுளுவென்று ஏ.சி. அறை. கவுன்டருக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர், நம்ம ஊர்க்காரர்தான், மதராஸ் தமிழ். நான் விஷயத்தைச் சொன்னதும் நிமிராமலே கேட்டார்.

"பேஷன்ட் படுத்துக்கினு வருவாரா, உக்காந்துக்கினா?"

"உக்காந்துதான்."

"நடப்பாரா?"

"என்னைவிட வேகமா நடப்பாரு."

"அப்போ பேஷன்டே இல்லியேம்மா. எதுக்குப் பர்மிஷன்?"

"கூட ஒரு மெஷின் வரும். சளி எடுக்கிறதுக்கு. கால்ல மிதிக்கிறது."

இப்போதுதான் நிமிர்ந்தார். "பிளேன்ல மிதிக்கணுமா?"

"பிளேன்ல மூச்சு முட்டுனா பிளேன்லதான மிதிக்கணும்? வீட்ல இருந்து மிதிச்சா அவருக்கு எட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. சத்தம் வருமா, நாற்றம் வருமா, தொற்றுமா, பக்கத்து சீட்காரர் ஆட்சேபித்தால் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். மூச்சு விடுவதற்கு ஆட்சேபனை தெரிவிக்கிற சீட்காரர் உலகத்தில் உண்டா என்று நான் திகைத்துப்போனேன். நடையாய் நடந்து கடைசியில் கடிதம் கிடைத்தது: சளி உறிஞ்சும் கருவி ஒன்று விமானத்துக்குள் அனுமதிக்கப்படுகிறது. அதோடு இன்னொரு தாளையும் நீட்டினார். பயணத்தில் நோயாளி இறந்துபோனால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, எல்லாம் என்னைச் சேர்ந்தது என்று அதில் இருந்தது. "கீழ ஒரு சைன் போடுங்க" என்றார், பால் கார்டுக்குக் கேட்கிற மாதிரி. போட்டுக் கொடுத்தேன்.

கால்ல மிதிக்கிறது என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேனே தவிர, அப்படி ஒரு மெஷின் எங்களிடம் அப்போது இல்லை. ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கி வைத்திருந்தது அலமாரி உயரத்துக்கு ஒன்று, மின்சாரத்தில் ஓடுவது. காலால் மிதிக்கிற சின்ன மெஷின் பம்பாயிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் நாள் காத்திருக்காது.

அவருடைய தொழிற்சாலைத் தோஸ்துகள் மூன்று பேர். ஒருத்தன் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி, டூல் ரூமில் வேலை. என்னை மதினி என்பான். இன்னொருவர் வெல்டிங் வேலை பார்க்கிற பாய், அவருக்கு நான் பாபி. மூன்றாவது பெயின்ட் ஷாப்பில் இருந்த தெலுங்குக்காரர், வதினா என்று கூப்பிடுவார், எல்லாம் அண்ணிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்து என் சமையற்கட்டு வாசலில் நின்றார்கள்.

"நீங்க ஏன் மதினி கவலப்படுதிய? சைக்கிள் பம்ப்புக்கு வாஷரத் திருப்பிப் போட்டா ஊதுததுக்குப் பதிலா உறிஞ்சும். அம்புட்டுதான் விசயம். நாங்க செஞ்சி தாரோம்" என்றான் தம்பி.

"எங்க வச்சிச் செய்வீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாபி, ஓ பாத் நக்கோ பூச்சோ" என்றார் பாய். அதைக் கேட்காதீர்கள் என்று அர்த்தம். அந்தத் தொழிற்சாலைக்குள் சொந்த வேலைக்கென்று ஒரு ஆணியைக்கூட நிமிர்த்தக் கூடாது. பிடிபட்டால் வேலை போய்விடும், கழிவுத் தகரத்தில் செய்திருந்தாலும் திருட்டுத்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

மெஷின் துண்டு துண்டாக, டிபன் கேரியர்களில் சோற்றுக்குப் பதில் ஏறி, கேட் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூவரும் அதைக் கூடத்தில் பூட்டி முடித்து, கண்ணாடி ஜாடியைப் பொருத்தி, பெருமையோடு அவர் முன்னால் வைத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரப்பர் ட்யூபின் முனையைக் கட்டைவிரலால் அடைத்து, காலால் மிதித்து, உறிஞ்சும் வேகத்தைக் காட்டுகிற கேஜின் முள் ஏறி நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தார். முள் மெல்ல இறங்கியது. சிலேட்டை எடுத்து எழுதினார்: "ரிஜெக்ட்."

சாகக் கிடக்கிற மனுஷன், தன்னைக் காப்பாற்ற வந்த மெஷினைத் திருப்பி அனுப்புகிறார்! நான் வாயில் கையை வைத்துக்கொண்டேன். தம்பிக்குக் கோபம் வரவில்லை. "வாஷர் லூசு, அண்ணாச்சி சொல்லுதது சரிதான்" என்று தோல் வாஷரைக் கழற்றிக்கொண்டு போனான். அடுத்த முறை முள் அசையாமல் நின்றது. இப்போதாவது பாஸ் ஆகுமா என்றால், அவர் தகர உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதினார்: "பெயின்ட் இல்லை. துருப் பிடிக்கும்."

பெயின்ட் ஷாப்காரருக்குத் தெரிந்தது ஒரே நிறம். ராணுவப் பச்சை. ஒரு பாட்டிலில் கொண்டுவந்து இரண்டு கோட் அடித்தார். அதற்குப் பிறகும் என் கணவர் விடவில்லை. வெறும் பச்சையைச் சுட்டிக்காட்டிக் கையை விரித்தார். அந்தத் தொழிற்சாலையில் எண் போடாத பொருள் பொருளே இல்லை. எண் இல்லாவிட்டால் அவர் தொடவே மாட்டார். எனவே ஸ்டென்சில் தகடு வைத்து, வெள்ளைப் பெயின்டில் ஒரு நீளமான எண், மேல்பக்கம் எது என்று காட்ட ஒரு அம்புக்குறி, கிலோ கணக்கில் எடை எல்லாம் எழுதினார்கள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிலேட்டில் "பாஸ்" என்று எழுதிக் கோடு இழுத்தார். பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எல்லோருக்கும் டீ போட்டேன்.

இந்தக் கோட்டிக்காரக் கூட்டத்தில் எனக்கும் சேர்த்து ஒருத்தருக்குக்கூட, வெளி ஆள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று தோன்றவில்லை. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரிதான் எங்களுக்கு அது. பச்சை நிறமும் வெள்ளை எண்ணும் எங்கள் காலனியில் தினம் பார்க்கிற விஷயம்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். "டாடி, ஜல்தி ஆனா" என்றாள், சீக்கிரம் வந்துவிடச் சொல்லி. ஹைதராபாத்தில் படிக்கிற சின்னப் பிள்ளை. தமிழில் கேட்டாலும் ஹிந்தியில்தான் பதில். அவர் அவள் தலையைத் தொட்டுவிட்டுச் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

விமானக் கடத்தல் பயம் நாடு முழுக்கப் பிடித்திருந்த காலம். சோதனை பலமாக இருந்தது. குழாய்க்குள் பார்த்து எடுப்பதற்காக நான் வைத்திருந்த டார்ச்சிலிருந்து பாட்டரிகளைப் பிடுங்கி ஒரு கவரில் போட்டார்கள். பிறகு அவர் உடம்பின் மேல் கருவியை ஓட்டினார்கள். தொண்டைக்கு வந்ததும் அது கீச்சிட்டது. போலீஸ்காரர் துணியை விலக்கி, உள்ளே வெள்ளிக் குழாயைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். அதற்குள் இன்னொருவர் என் துணிப்பையைத் திறந்துவிட்டார். பச்சை நிறம், கேஜ் முள், ட்யூப், எண், அம்புக்குறி. அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனது மட்டும் எனக்கு ஞாபகம். நொடியில் வரிசை கலைந்தது. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மெஷின் மணல் வாளிகளின் கீழே போனது அப்படித்தான்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் பின்னாலேயே விமானக் கம்பெனியின் ட்யூட்டி ஆபீசர். நான் கடிதத்தை நீட்டினேன்.

"இதுல சளி உறிஞ்சும் கருவின்னு இருக்கு மேடம். அது கருவி மாதிரியே இல்லையே" என்றார் ஆபீசர், நல்ல இங்கிலீஷில்.

"வேற எது மாதிரி இருக்கு?"

அவர் அதைச் சொல்லத் துணியவில்லை. "சோதனை முடிஞ்சாலும் மேல விட முடியாது. லக்கேஜோட கீழ போட்டுர்றோம். மெட்ராஸ்ல எடுத்துக்குங்க."

"மூச்சு மேல இருக்கு, மெஷின் கீழயா?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் என் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அடைத்த அடுப்பூதும் குழலில் ஊதுவது போல் இருக்கும். எனக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார், உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு மணல் வாளிகளை நோக்கி நடந்தேன்.

"நக்கோ அம்மா! உதர் நக்கோ!" அங்கே போகாதே என்று பின்னால் கத்தினார்கள். ஒருத்தராவது கூட வந்து தடுத்தாரா என்றால் இல்லை. வெடித்தால் நான் மட்டும் போகட்டும் என்று நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. மெஷினை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பினேன். நான் வர வர, கூட்டம் பிளந்து வழிவிட்டது. அவரைத் தரையிலேயே உட்காரவைத்து, ட்யூபை உள்ளே விட்டு, செருப்பை உதறிவிட்டு மிதித்தேன். கரக், கரக் என்று மிதிசத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. ஜாடியில் சளி விழுந்தது. அவருக்கு மூச்சு வந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

இனிமேல் வாயைத் திறக்க மாட்டார்கள், கண்ணாலேயே பார்த்துவிட்டார்களே என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் பயம் போய் வேறொன்று வந்திருந்தது.

"பாம் இல்லை, சரி. இந்த நம்பர் என்ன? இது டிஃபென்ஸ் சாமான். உங்ககிட்ட எப்படி வந்தது?"

வெடிகுண்டு என்று அவர்கள் பயந்தபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. நாங்கள் திருடர்களா? என்ன பதில் சொல்வது? என் கணவரே கேட்டு வாங்கிய எண், அவரே பாஸ் போட்ட எண், அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

ட்யூட்டி ஆபீசரின் அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். அங்கே செக்யூரிட்டி ஆபீசர், ராணுவத்திலிருந்து வந்த வடக்கத்திக்காரர், கேட்டில் டிபன் கேரியரைத் திறக்கச் சொல்லும் ஆசாமி. காலனியே அவருக்கு நடுங்கும். இன்ஸ்பெக்டர் விவரம் சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"கிஸ்னே பனாயா?" என்றது அந்தக் குரல். யார் செய்தது? என் ஹிந்தி அரைகுறை என்றாலும் அவர் சொன்னது முழுக்க விளங்கியது. எங்கள் கிடங்கில் அப்படி ஒரு சாமான் கிடையாது. செய்தவன் பெயரைச் சொன்னால் இது தொழிற்சாலை விவகாரம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று போலீஸிடம் சொல்லி உங்களை அனுப்பிவைப்பேன். பெயர் இல்லையென்றால் அது திருட்டுப் பொருள், அங்கேயே இருக்கட்டும்.

ட்யூட்டி ஆபீசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். மற்றவர்கள் விமானத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

நான் சொல்லியிருப்பேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மூன்று பேரும் என் கையால் சாப்பிட்டவர்கள்தான், மூன்று பேருக்கும் குடும்பம் இருந்ததுதான். ஆனால் எனக்கு இருந்தது இந்த ஒரு மனுஷன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். தம்பியின் பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அவர் சிலேட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "சொல்லாதே." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

ரிசீவர் என் கையிலிருந்து போய்விட்டது. அவர் பிடுங்கிக்கொண்டார். சிலேட்டைப் போனுக்குள் காட்ட முடியாது என்று அவருக்குத் தெரியாதா? என்ன செய்யப்போகிறார் என்று நான் விழிக்கும்போதே, இடது கை விரல் கழுத்துத் துணியை விலக்கிக் குழாயின் வாயை அடைத்தது.

"மைச் பனாயா, சாப்" என்றார்.

நான்தான் செய்தேன். தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி ஒரு கரகரப்பு; ஆனால் அதற்கு அடியில் அவர் குரல், சந்தேகமே இல்லை, அவரேதான். எத்தனையோ மாதம் கழித்து அது அந்த அறையில் கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. இன்னொரு முறை மூச்சைக் கூட்டிக்கொண்டு, "அகேலா" என்றார். தனியாக. வேறு யாரும் இல்லை. அப்புறம் விரல் நழுவியது, ரிசீவர் மேஜையில் விழுந்தது, அவர் என் மேல் சாய்ந்தார். நான் மறுபடியும் மிதித்தேன். இந்தத் தடவை ஜாடியில் சிவப்பாக விழுந்தது.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதுவும் எப்பேர்ப்பட்ட பொய்! நோய்வாய்ப்பட்டதிலிருந்து அவர் தொழிற்சாலை வாசலை மிதிக்கவே இல்லை. கேட்டில் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பதே அந்த ஆபீசரின் வேலை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். "ஹவ், சாப். ஹவ்" என்று ஆமாம் போட்டுவிட்டு வைத்தார்.

"எங்க ஆள்தான், அனுப்பிடுங்கன்னு சொல்றார்" என்றார் என்னிடம், தரையைப் பார்த்துக்கொண்டு.

ட்யூட்டி ஆபீசர் மட்டும் இன்னும் குறுக்கே நின்றார். ஜாடியிலிருந்த ரத்தத்தைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்திருந்தது. "மேடம், இந்தக் கண்டிஷன்ல எப்படி ஏத்திக்க முடியும்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"ஆச்சுன்னா நான் பாத்துக்கிடுதேன்னு எழுதி வாங்கிட்டீங்கள்ல? அதுக்குத்தான கையெழுத்துப் போட்டேன்? ஒத்துங்க!" என்று கத்தினேன். மெஷினை ஒரு கையிலும் அவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வெயிலில் விமானத்தை நோக்கி நடந்தேன். யாரும் தடுக்கவில்லை.

கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். பணிப்பெண் தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டினாள். காதுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு எடுத்தார்கள், நான் குழாய் துடைக்க ஆகுமே என்று அள்ளிக்கொண்டேன். அவர் ஒரு மிட்டாயை எடுத்து மகளுக்கென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விமானம் எழும்பியதும் சிலேட்டில் எழுதி என் மடியில் வைத்தார்: "கோபமா?"

முந்தானையால் அதை அழித்தேன். கோபம்தான். பயம் ஒரு பக்கம், அந்தக் குரலைக் கேட்ட திகைப்பு ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே அப்படி ஒரு கோபம். அவர் மறுபடியும் எழுதினார்: "மதராஸில் உனக்கு." கோடு இழுத்திருந்தார்.

மதராஸில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரிய டாக்டரிடம் நானே கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன், ஒரே ஒரு தடவை என்றார். என் கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கையால் வாரிக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலை வைத்தார்.

உதடு அசைந்தது. என் பெயர்தான், உதட்டில் நன்றாகத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. காற்றுகூட மேலே போகவில்லை. கண் பிதுங்க மறுபடியும் முயன்றார். டாக்டர் அவர் கையைப் பிடித்து விலக்கினார். "உள்ள வீங்கிருக்கு. சமீபத்துல பேசுனாரா?" என்றார் என்னிடம். நான் ஆமாம் என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு அவர் நெடுநாள் என்னோடு இருந்தார், அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாது. தொழிற்சாலையில் விசாரணை வைத்தார்கள். நான் செய்தேன், நான் மட்டும் என்று அங்கேயும் எழுதிக்கொடுத்தார். வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. தோஸ்துகள் மூவரும் வந்து கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். தம்பி என் முகத்தைப் பார்க்காமல், "மதினி, நீங்க எங்க பேரச் சொல்லிருக்கலாம்லா?" என்றான். "சொல்லத்தாம்ல போனேன், அவரு விட்டாத்தான" என்றேன். அவன் அழுதான். நான் எல்லோருக்கும் டீ போட்டேன்.

ஒரு நாள் தாங்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன். "இருந்தது ஒரு வார்த்த. அத எவனோ ஒரு ஆபீசருக்குக் குடுத்திட்டியளே. எனக்கு என்ன மிச்சம் வச்சீங்க?" அவர் சிலேட்டைத் தேடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், இதோ நான் இருக்கிறேனே என்கிற மாதிரி. அதற்குமேல் நான் என்ன சண்டை போடுவது?

இப்போது அவர் இல்லை. மகளுக்கு அவர் பேசிய காலம் நினைவில்லை. டாடி குரல் எப்படி இருக்கும் என்று எப்போதாவது கேட்பாள். என் பெயரை அவர் சொல்வதை மனசுக்குள் கொண்டுவந்து பார்க்கிறேன். கல்யாணமான புதிதில் கூப்பிட்டது, கோபத்தில் கூப்பிட்டது, காய்ச்சலில் கூப்பிட்டது, ஒன்றும் வருவதில்லை. உதடு மட்டும் அசைகிறது. குரலோடு வருவது ஒன்றே ஒன்றுதான். அது தமிழில்லை, என்னிடம் சொன்னதும் இல்லை, உண்மையும் இல்லை. அதைத்தான் அவளுக்குச் சொல்லிக்காட்டுகிறேன்.

"மைச் பனாயா, சாப்."